தட்டியது கேட்கவில்லை

அந்த மருத்துவமனையில் அவளுடைய பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரம்மா என்றால்தான் தெரியும். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவள்தான், பாஸ்வேர்டு மறந்தாலும் அவள்தான். மேஜை விசிறி சுற்றாவிட்டால்கூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் போய், பிளக்கைச் சரியாகச் சொருகிவிட்டு வருவாள். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

"உனக்கு மாப்பிள்ளை பாக்கும்போதெல்லாம் அந்த மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லாமப் போகும்" என்று அம்மா கேலி செய்வாள். அதில் பாதிதான் கேலி.

சர்வர் அறை கீழ்த்தளத்தில், துவைத்த போர்வைகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. கனத்த கதவு, அவளுடைய அட்டையை வைத்தால்தான் திறக்கும். உள்ளே ஏசியும் சர்வர்களின் விசிறிகளும் சேர்ந்து ஓயாமல் இரையும். கைபேசிக்கு சிக்னல் எடுக்காது. நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் அங்கிருந்துதான் வார்டுகளுக்குப் போகும்.

முக்கியமான சர்வரில் நான்கு டிஸ்க்குகள். ஒன்று போனாலும் மற்ற மூன்றும் தாக்குப்பிடிக்கும். இரண்டாவதும் போய்விட்டால் எல்லாமே போயிற்று. முதல் டிஸ்க் போன அன்றே, மாற்று டிஸ்க் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். காகிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்தது. மறுபடியும் எழுதினாள். "பாக்கலாம், ஓடிட்டுத்தானே இருக்கு" என்றார் அலுவலக மேலாளர்.

நான்காவது மாதம் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, அதே மருத்துவமனையில் மூன்றாவது மாடியில் சேர்த்தார்கள். துணைக்குத் தம்பி லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். ஐந்தாம் நாள் காலை அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை போல இருந்தது. எழுந்து உட்கார்ந்து தலை வாரிவிடச் சொன்னாள். பின்னி முடிப்பதற்குள் கைபேசி அடித்தது. எந்த வார்டிலும் எதுவும் திறக்கவில்லையாம்.

"போயிட்டு வா. உன்னை நம்பித்தானே அத்தனை பேர் இருக்காங்க" என்றாள் அம்மா. மீதிப் பின்னலைத் தானே போட்டுக்கொண்டாள்.

அவள் பயந்தபடியே இரண்டாவது டிஸ்க்கும் போயிருந்தது. ஓரமாகக் கிடந்த பழைய சர்வரை இழுத்து வைத்து, முந்தைய நாள் எடுத்த பிரதியை அதில் ஏற்ற ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம் பிடித்தது. ஏறி முடிந்ததும், பழுதான சர்வருக்கு இருந்த அதே நெட்வொர்க் முகவரியை இதற்கும் கொடுத்தாள். வார்டுகளில் அப்போதும் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்தாள், மறுபடியும் முதலிலிருந்து சோதித்தாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: பழுதான சர்வரின் நெட்வொர்க் கேபிளை அவள் பிடுங்கவே இல்லை. ஒரே முகவரியில் இரண்டு மெஷின்கள். வார்டுகளெல்லாம் செத்துப்போன மெஷினையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. கேபிளைப் பிடுங்கினாள். ஒரே நிமிடத்தில் எல்லாம் திறந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். வலது கை விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"எவ்வளவு நேரமா இங்க இருக்க?"

"தட்டினேன்க்கா. ரொம்ப நேரம் தட்டினேன். மேல போயிட்டு மறுபடியும் வந்தேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது மேலாளர் கூட்டம் போட்டுப் பாராட்டினார். அன்றைக்கு அவள் இல்லாவிட்டால் ஆபரேஷன் எல்லாம் நின்றிருக்கும் என்றார். மாற்று டிஸ்க்குகளும் வந்து சேர்ந்தன, ஒன்றுக்கு இரண்டாக. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மனசுக்குள் அந்த நாற்பது நிமிடம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கேபிளை முதலிலேயே பிடுங்கியிருந்தால் அம்மாவிடம் போயிருக்கலாம். தம்பியாவது கூட இருந்தானே என்ற ஒரே ஆறுதலைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தினாள்.

மூன்றாவது மாடியிலிருந்து அழைப்பு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி, கீழே இருந்தபடியே சரிசெய்து கொடுத்துவிடுவாள். ஒரு வருடம் அப்படித் தட்டிக்கழித்தாள். பிறகு ஒரு நாள் அந்த வார்டின் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியே எரிந்துபோக, நேரில் போகாமல் தீரவில்லை. ஸ்டூலில் ஏறி வயர்களை மாற்றிக்கொண்டிருந்தபோது வார்டு நர்ஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க அம்மா ஞாபகம் வருது. பெரியவ வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்க தம்பிதான் உங்களைக் கூட்டிட்டு வரேன்னு கீழ ஓடினாரு. நான்தான் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். கஷ்டப்படலம்மா, நல்லாத்தான் போனாங்க."

அவளுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் நர்ஸ் சொன்னாள். அவள் கடைசி வயரையும் பொருத்தி, விளக்குகள் பச்சையாவதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அன்று மாலை நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

"அம்மா போனப்ப நீ எங்க இருந்த?"

குழாயை மூடினான். திரும்பவில்லை.

"உன் கதவுக்கு வெளிய நின்னுட்டு இருந்தேன்" என்றான். "அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்னு நினைச்சேன். நீயும் இல்ல, நானும் இல்லன்னு எப்படிக்கா சொல்றது?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லாத கேபிள் விஷயத்தை அவனிடம் சொன்னாள். முகவரி என்றால் என்ன, ஒரே முகவரியில் இரண்டு மெஷின்கள் இருந்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் தெரியாதவனுக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னாள். அவன் ஈரக் கையோடு நின்றபடி முழுவதையும் கேட்டான்.

"நாப்பது நிமிஷமா?" என்றான்.

"நாப்பது நிமிஷம்."

அவன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். அம்மா போன பிறகு இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.