அளவு ஆளின் நிழல்

கட்டாத வீட்டைக் கட்டியதுபோலக் காட்டுவது அவள் தொழில். கட்டிடக்காரர்கள் வரைபடத்தைக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, வெயிலையும் அடிக்கவிட்டுப் படமாக்கித் தருவாள். வாசலில் ஒரு மனிதன் நின்றால்தான் கதவின் உயரம் வாடிக்கையாளருக்குப் பிடிபடும். அந்த உருவத்துக்கு அவள் வைத்த பெயர் ‘அளவு ஆள்’.

மற்றவர்கள் எங்கிருந்தாவது ஓர் உருவத்தை எடுத்து வைப்பார்கள். இவள் வைத்தது சொந்தப் புருஷனை. ஒருநாள் மதியம் மொட்டைமாடியில் அவரை நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் படமெடுத்து உருவமாக்கிவிட்டாள். கண் கூசுகிறது என்று இடது கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டவர், எவ்வளவு சொல்லியும் எடுக்கவில்லை. ஆளோ பனைமரம். அவர் பக்கத்தில் நின்றால் எந்தக் கதவும் குட்டைதான்.

“உங்களால நான் கட்டற வீடெல்லாம் புறாக்கூண்டு மாதிரி தெரியுது” என்பாள்.

“வீட்டைப் பெருசா கட்டச் சொல்லு. நான் எதுக்குக் குனியணும்?” என்பார்.

எந்த வீட்டையும் அவள் தொடங்குவது ஒரே மூல ஃபைலிலிருந்துதான். வெயில், புல்தரை, அளவு ஆள் எல்லாம் அதில் தயாராக இருக்கும்.

அலுவலகத்துக்குப் போன மனிதர் ஒருநாள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திரும்பி வந்தது உடல்தான். காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்கு உட்கார்ந்தபோது, மூல ஃபைலைத் திறந்து ஒரு வீட்டை ஏற்றியதும் வாசலில் அவர் நின்றார். அழிக்க மனம் வரவில்லை, பார்க்கத் தெம்பும் இல்லை. அந்த மென்பொருளில் ஒவ்வொரு பொருளின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் இருக்கும். கண்ணை மூடினால் பொருள் பார்வைக்கு மறைந்துவிடும், ஃபைலில் மட்டும் இருக்கும். அவள் கண்ணை மூடினாள். ஆள் மறைந்தார். நிழல் மறையவில்லை.

வாசற்படியில் முழங்கை துருத்திக்கொண்டு நீளமாக விழுந்து கிடந்தது. வெயிலைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிப்பவள், அன்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பக்கத்து அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் அப்புறம்தான் விளங்கியது. திரையில் படத்தை வரைவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு; அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளில் ஒரு பிழை, மறைத்த பொருளின் நிழலை மட்டும் விட்டுவிடும். அவளுடையது ஓப்பன் சோர்ஸ் டிரைவர். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து வளர்ப்பது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். இவள் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் சரிசெய்து கொடுத்திருப்பார்கள். எழுதவில்லை. வீட்டுக்கு வீடு நிழல் விழும். அனுப்புவதற்கு முன்னால் படத்தில் அவளே உட்கார்ந்து அதைத் துடைத்தெடுப்பாள். வாடிக்கையாளருக்குப் போவது சுத்தமான வாசல். இவளிடம் மட்டும் அவர் ஒரு வீடு தவறாமல் வந்து நின்றுவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கார்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. விசிறி அனத்தியது, திரையில் கோடுகள் ஓடின. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதுபோல, புதுக் கார்டு கடைக்கு வருமுன்பே அதன் வேகத்தைப் பற்றி இணையமெங்கும் ஒரே பேச்சு. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் மகளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

“ம்மா, இதுல ஒரு படம் வரதுக்குள்ள நீ சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிடற. புதுசுல கண்ணச் சிமிட்டறதுக்குள்ள வந்துடும். ஓப்பன் சோர்ஸ் டிரைவரும் முதல் நாளே ரெடியாம்!”

“டிரைவரப் புதுசா எழுதறாங்களா, பழசேதானா?”

“பழசுலயேதான் இதையும் சேத்திருக்காங்க. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

சும்மாவாவது ஒன்றாவது! பழைய டிரைவர் என்றால் பழைய பிழையும் கூட வருமே. ஊரெல்லாம் பிழையில்லாத கார்டுக்குக் காத்திருக்க, இவள் ஒருத்தி பிழை பத்திரமாக வந்து சேரவேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். திருத்திய பிழைகளைப் பற்றி டிரைவர் ஆட்கள் போடும் செய்திகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். நிழல் என்ற சொல் தட்டுப்பட்டாலே அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள்.

கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, அன்று விடிகாலைதான் வந்திருந்த புதுப் பதிப்புக்கு டிரைவரையும் மாற்றினாள். இவள் மூல ஃபைலைத் திறந்து ஒரு வீட்டை ஏற்றினாள். சொன்னதில் பொய்யில்லை, சொடக்குப் போடுவதற்குள் வீடு வந்து நின்றது. வாசல் வெறிச்சென்று கிடந்தது.

வெயிலைக் கிழக்கே திருப்பினாள், மேற்கே திருப்பினாள். தூணுக்கு நிழல் இருந்தது. பூந்தொட்டிக்குக்கூட இருந்தது.

“தேடாதம்மா” என்றாள் பின்னால் நின்ற மகள். “அந்தப் பிழைய எழுதிப் போட்டது நான்தான்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நீ உக்காந்து துடைக்கறத எத்தன தடவ பாத்திருக்கேன். உனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதான் எழுதினேன். சோதிச்சுப் பாக்க ஃபைல் வேணும், தேவையில்லாதத எடுத்துட்டு அனுப்புன்னாங்க. சுவரு, கதவு, மரம்னு ஒவ்வொண்ணா எடுத்தேன். நிழல் போகவே இல்ல. கடைசியா ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. கண்ணத் திறந்து பாத்தா…” மகள் இடது கையை நெற்றிக்கு மேல் வைத்துக் காட்டினாள். “அப்பா.”

“பாத்தப்புறமுமா அனுப்பின? ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடி உனக்கு?”

“கேட்டா விட்டிருப்பியா? நீ அந்த நிழலோட பேசறத நான் கேட்டிருக்கேம்மா. எனக்குப் பயமா இருந்துச்சு.”

பேசினோமா? அவளுக்கு நினைவில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“அந்த ஃபைல் இப்ப எங்க இருக்கு?”

“அவங்ககிட்டதான். திருத்தின பிழை திரும்ப வந்துடக் கூடாதுல்ல, அதனால சோதனைல சேத்துட்டாங்க. இனி டிரைவர்ல யாரு எத மாத்தினாலும், மெஷின் அந்த ஃபைலத் திறந்து பாக்கும். நிழல் விழலன்னாதான் மாத்தினது செல்லும்.”

எங்கோ முகம் தெரியாத ஆட்கள் எந்நேரமும் எதையாவது மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுவரோ கதவோ இல்லாத வெட்டவெளியில் அவரை நிறுத்தி, வெயிலைக் காட்டி, இந்த ஆளுக்கு நிழல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு போவார்கள். நெற்றிக்கு மேல் கையை வைத்தபடி அவர் நின்றுகொண்டே இருப்பார்.

“அந்தச் சோதனைக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?”

“ஆளில்லாத நிழல்னு.”

“ஆளில்லாம என்னடி? ஆள் அங்கதான் இருக்கார். மறைச்சு வச்சது நான்.”

மகள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்தாள். இவள் மவுஸை நகர்த்தி அந்த மூடிய கண்ணுக்கு மேல் கொண்டுபோனாள். பழைய கார்டில் உருவம் புள்ளி புள்ளியாகத்தான் சேரும், முகம் தெளிவதற்குள் எழுந்து போய்விடலாம். அந்தப் பழக்கத் தைரியத்தில் கண்ணைத் திறந்துவிட்டாள். புதுக் கார்டுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.