பதினான்கு கடிகாரங்களும் அண்ணியின் சாவியும்

என் அண்ணி லாரி ஓட்டுகிறாள். வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கும் லாரி. நான் அவளுக்கு நாத்தனார். எனக்குச் சம்பளம் பீரோவின் மறுமுனையைப் பிடிப்பதற்கும், வண்டி பின்னால் வரும்போது "வரலாம், வரலாம்" என்று கத்துவதற்கும்தான். நாத்தனார் வேலையைச் சும்மாதான் செய்கிறேன். அதிலும் குறை வைப்பதில்லை.

முதலில் ஓட்டியது அண்ணன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் முதுகு போய்விட்டது. டாக்டர் படுக்கச் சொன்னார். வாழ்க்கையில் அந்த ஒரு பேச்சைத்தான் அவன் ஒழுங்காகக் கேட்டான். அண்ணி லைசென்ஸ் எடுத்தாள். முதல் நாள் ஷெட்டில் வண்டிக்குள் ஏறியவள், சாவியைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். திருப்ப மாட்டேன் என்கிறாள். ஆனால் இறங்கவும் மாட்டேன் என்கிறாள். எதிர்வீடு எங்கள் சபைப் போதகருடையது. ஓடிப்போய் ஐயாவைக் கூட்டி வந்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, ஸ்டியரிங்மேல் கை வைத்து, கண்ணை இறுக மூடி முணுமுணுவென்று ஜெபித்தார். அவர் "ஆமென்" என்றதும் அண்ணி சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாளும் ஐயா வந்தால்தான் ஆயிற்று என்றாள். அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. ஐயா வெளியூரில் இருந்தால் போனில் ஜெபம். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஜெபித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் சாவி திரும்பியது.

"நீங்களே ஜெபம் பண்ணினா என்ன அண்ணி?" என்று கேட்டேன்.

"எனக்கு வார்த்தை வராது. தொண்டையைச் செருமிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஐயா சொன்னா நேரா ஆண்டவர் காதுல விழும்."

அவளுக்கு ஆண்டவர் பெரிய ஆபீசில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. ஐயா உள்ளே போய்வரத் தெரிந்த ஆள்.

இப்படி இருக்கும்போது ஐயாவுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. அறுபது மைல் தள்ளி ஒரு சபைக்கு இவர் போக வேண்டும். அங்கே இருக்கும் இளம் போதகர் இங்கே வருவார். இரண்டு வீட்டுச் சாமானும் எங்கள் லாரியில்தான். போக ஒரு லோடு, வர ஒரு லோடு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அண்ணி வீட்டுக்கு வந்ததும் செங்கல்காரருக்குப் போன் போட்டாள். அவர் ரொம்ப நாளாக எங்கள் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"திங்கட்கிழமை வாங்கண்ணே, வண்டியை எடுத்துக்கங்க. ஐயாவைக் கொண்டுபோய் விடுறதுதான் என் கடைசி ஓட்டம்."

நான் குதித்தேன். "வீட்டுல அடுப்பு எதை நம்பி எரியுது அண்ணி? இந்த வண்டியை வித்துட்டு நாம என்ன பண்றது?"

"ஐயா ஜெபம் இல்லாம என்னால சாவியைத் திருப்ப முடியாது. வேற சபைக்குப் போனவரைத் தினமும் போன்ல எழுப்ப முடியுமா, வர்ற சின்னப் பையனைத்தான் நம்ப முடியுமா? அவ்வளவுதான்," என்றாள். அண்ணன் கூரையைப் பார்த்தான். படுத்திருப்பவனுக்கு அது ஒரு வசதி.

பிரிவுபசார விழா நடந்தது. ஐயாவின் பிரசங்கம் ஒருநாளும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. பதினோரு வருஷமும் அதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பரிசுகளைப் பிரித்தார்கள். முதலாவது சுவர்க் கடிகாரம். இரண்டாவதும் சுவர்க் கடிகாரம். ஏழாவதைப் பிரித்தபோது போதகரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மொத்தம் பதினான்கு. சத்தியமாக ஒருத்தரோடு ஒருத்தர் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

"வாய்விட்டே சொல்லியிருக்கலாமே!" என்றார் ஐயா. அழ வந்த சபை வயிறு வலிக்கச் சிரித்தது. அண்ணிகூடச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை ஐயாவின் ஜெபத்தோடு கிளம்பினோம். போதகரம்மா ரயிலில் முன்னாலேயே போய்விட்டார். ஐயா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அண்ணி உருட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஓட்டினாள் என்று சொல்ல முடியாது. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, பாவம் என்று தலையாட்டினார். தெரிந்த ரோட்டிலேயே இரண்டு தடவை வழிதவறினாள். கடிகாரங்களுக்கு யாரோ பாட்டரியும் போட்டுவைத்திருந்தார்கள். எட்டு மணிக்கு ஆரம்பித்த மணியோசை எட்டேகால்வரை நிற்கவில்லை. வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் பின்கதவைத் திறக்கவும் ஒன்பது மணி அடிக்கத் தொடங்கவும் சரியாக இருந்தது. அந்த மனுஷர் மூன்றடி பின்னால் போய் நின்று, "போங்க, முதல்ல இங்கிருந்து போங்க!" என்றார்.

சாமானை இறக்கினோம். ஐயா ஒரு கடிகாரத்தை எடுத்து அண்ணியிடம் கொடுத்தார்.

"இனிமே காலையில எனக்குப் போன் பண்ணாதீங்கம்மா. கோவிச்சுக்காதீங்க. நான் மொதல் நாள் என்ன ஜெபம் பண்ணினேன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா. நீங்க முணுமுணுன்னுதானே சொல்லுவீங்க."

"'ஆண்டவரே, இந்த அம்மாவுக்குத் தைரியம் குடுங்க. இந்த லாரி என் வீட்டுச் சுவத்துல ஏறாம பார்த்துக்கங்க.' அவ்வளவுதான். பதினோரு வருஷமும் அதையேதான் சொன்னேன். ஆண்டவர் கேட்டாரு. நீங்க சொன்னாலும் கேப்பாரு."

அவரைப் புதிய சபையார் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இளம் போதகரின் சாமான் மொத்தமே ஒன்பது பெட்டி, அதில் ஏழு பெட்டி புத்தகம். அவரும் நடுவில் ஏறினார். அண்ணி சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஜெபம் பண்ணுங்க, தம்பி ஐயா."

அவர் கண்ணை மூடினார், வாயைத் திறந்தார், பொலபொலவென்று அழுதுவிட்டார். "எனக்கு வரலக்கா. ஏழு வருஷம் இருந்த இடம். உங்க சபையில என்னை ஏத்துக்குவாங்களான்னு நேத்துல இருந்து ஒரே பயம். ஜெபிக்க வாயைத் திறந்தா அழுகைதான் வருது. நீங்க எனக்காக ஜெபம் பண்ணுங்களேன்."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் வெளியே ஒரு மரத்தைப் பார்த்தேன். பின்னால் ஒருவன் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தான். எங்கள் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணி ஸ்டியரிங்மேல் கையை வைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"வானத்தையும் பூமியையும்..." என்று ஐயா குரலில் ஆரம்பித்து நின்றுவிட்டாள். பிறகு அவள் சொந்தக் குரல் வந்தது. "ஆண்டவரே, நான்தான், லாரிக்காரி. எனக்கு இதெல்லாம் தெரியாது. இந்தத் தம்பி அழுறாரு. எனக்கும் கைகால் உதறுது. பின்னாடி ஒருத்தன் ஹார்ன் வேற அடிக்கிறான். எங்க மூணு பேரையும் வீடு கொண்டுபோய்ச் சேருங்க. என் நாத்தனாருக்குக் கொஞ்சம் வாயைக் குறைங்க. ஆமென்."

இளம் போதகர் அழுதுகொண்டே சிரித்தார். என் மடியில் இருந்த கடிகாரம் டங்கென்று அடித்தது. அண்ணி சாவியைத் திருப்பினாள்.

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. டயருக்கு ஜெபம், பாலத்துக்கு ஜெபம், ஹார்ன் அடித்தவனுக்கு ஜெபம், காலையில் பயந்துபோன போலீஸ்காரருக்கும் ஜெபம். வண்டி பறந்தது. "ஆமென்" சொல்லிச் சொல்லிப் போதகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் அவர் பன்னிரண்டே நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்தார். சபைக்குப் பெருத்த ஏமாற்றம்.

திங்கட்கிழமை செங்கல்காரர் ஷெட் வாசலில் வந்து நின்றார். அண்ணி வண்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபதும் ஆயிற்று. "எப்ப முடியும்?" என்று அவர் என்னைக் கேட்டார். ஐயாவின் கடிகாரத்தை ஷெட்டில் மாட்டியிருந்தேன். அதைக் காட்டினேன்.

ஒருவழியாக "ஆமென்" வந்தது. "மன்னிச்சுக்கங்கண்ணே, வண்டி விக்கிறதா இல்ல!" என்று கத்திவிட்டு அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். நான் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்றேன். சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தண்ணீர். கையால் துடைத்துக்கொண்டிருந்தேனா, "போதும்" என்று சொல்ல மறந்துவிட்டேன். லாரி எதிர்வீட்டுச் சுவரில் போய் மோதியது. ஆறு செங்கல் விழுந்தது. உள்ளிருந்து புதுப் போதகர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

வண்டியும் நின்றுவிட்டது. இத்தோடு எல்லாம் முடிந்தது, இனி இவள் சாவியைத் தொடமாட்டாள் என்றே நினைத்தேன். அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சுவரைப் பார்த்தாள். அப்புறம் வானத்தைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, எல்லாத்தையும் சொன்னேன், சுவத்தை மட்டும் மறந்துட்டேன்," என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணே, ஆறு செங்கல் அனுப்பிவைங்க!" என்று கையசைத்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் மறுபடி சாவியைத் திருப்பினாள்.