இன்னும் முத்தேல்லை, தம்பி

என் மனைவி பாரிசுக்கு வந்து சேர்வதற்கு முந்திய வருடம், எங்கள் குடும்ப வாழ்க்கை இரண்டு கஞ்சாச் செடிகளின் தயவில் கிடந்தது. இப்போது சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

ஊரில் போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாரிசின் லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவுக்குப் பின்னால், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எனக்கு இரண்டு அறை வீடு. முன் அறையில் ஓர் அண்ணை இருந்தார். சொந்தக்காரர் இல்லை, ஊரில் எங்களுக்கு அடுத்த கிராமம். அவருடைய அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டுவிட்டது. விசா இல்லாமல் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். நான் மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். மேரியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, ஆள் வந்து அறைகளை அளந்து, ஹீட்டர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, இரண்டு பேர் வாழப் போதும் என்று சொன்னால்தான் அடுத்த படி. அந்த நேரத்தில் முன் அறையில் இன்னொருவர் கட்டில் போட்டுப் படுத்திருக்க முடியாது. அண்ணையிடம் சொன்னேன்.

"ஓம் தம்பி, அது நியாயம்தானே. நான் வேறை இடம் பாக்கிறன்" என்றார்.

மறுப்பும் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. நல்ல மனிதர் என்று மனைவியிடம் தொலைபேசியில் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியின் சூடு ஆறுமுன்னே செடிகள் வந்து சேர்ந்தன.

அண்ணை வேலை செய்த உணவகத்தின் தலைமைச் சமையல்காரர், எல்லாரும் ஷெஃப் என்று கூப்பிடும் பிரெஞ்சுக்காரர், வீடு மாறிக்கொண்டிருந்தார். புது வீட்டில் மாமியாரும் கூட இருந்தார். ஆகவே, மாமியார் கண்ணில் படக்கூடாத இரண்டு கன்றுகளைச் சட்டியோடு கொண்டுவந்து, முற்றத்துப் பக்கம் பார்த்த எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அண்ணை தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் வேலையால் வந்தபோது அண்ணை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை இது?"

"உனக்குத் தெரியாததே?"

தெரிந்ததால்தான் கேட்டேன். அன்றே தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் விசா இல்லாத ஒருவருக்கு வேலை கொடுப்பவரின் செடியை எறிவது, அந்த மனிதரின் சோற்றில் மண் போடுவதற்குச் சமம். சட்டியோடு வேறு இடத்துக்குப் போகச் சொல்லவும் முடியவில்லை. கஞ்சாவைக் கையில் தூக்கிக்கொண்டு, பொலிஸ் நிற்கும் கார் து நோர் ஸ்டேஷன் வழியாக, விசா இல்லாதவர் ரயில் ஏறுவதா?

"முத்தின உடனை வெட்டி அந்தாளிட்டைக் குடுத்திட்டு, அண்டைக்கே நானும் வெளிக்கிடுறன் தம்பி. கன நாள் எடாது" என்றார்.

சரி என்றேன். எனக்குத் தேவையா இது என்று எத்தனையோ தடவை பிறகு என்னையே கேட்டிருக்கிறேன்.

கோடை போனது. செடிகள் என் தோளுக்கு வளர்ந்தன. வாசனையை மறைக்க நான் சாம்பிராணி போட்டேன், கருவாடு பொரித்தேன். கீழ்க் கடைக்காரர், "என்ன, மேலை ஒரே பக்தியாக் கிடக்கு?" என்று கேட்டார். மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் ஓடிப்போய்க் கதவுப் பூட்டைச் சரிபார்த்தேன். அண்ணைக்கு அந்தப் பதற்றமெல்லாம் இல்லை. வேலையால் வந்தவுடன் சட்டைகூட மாற்றாமல் ஜன்னலடியில் போய் நிற்பார். இலையைப் பெருவிரலால் தேய்த்துப் பசை ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஓர் இலையை மடித்து, முறியும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்பார்.

"இன்னும் முத்தேல்லை, தம்பி."

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சொல்லும் விதமும் அப்படி. ஏதோ மழை வராததற்கு நான் கவலைப்படுவதுபோல, ஆறுதலாகத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆனி ஆடியில் பரவாயில்லை. புரட்டாசியில் செடிகளின் நுனியில் மொட்டுக் கட்டத் தொடங்கியது. அண்ணை அவற்றை நகத்தால் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார். எனக்கு அது தவறாகவே படவில்லை. நாங்கள் இரண்டு பேரும் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். புகையிலையைப் பூக்க விட்டால் இலை மெலிந்து கெட்டுப்போகும். நுனியைக் கிள்ள வேண்டும், பக்கத்தில் வெடிக்கும் தளிரையும் விடாமல் முறிக்க வேண்டும். அப்போதுதான் சத்தெல்லாம் இலைக்கு இறங்கி, இலை தடித்துக் காரமேறும். இதைப் பள்ளிக்கூடம் போகுமுன்னே படித்தவர்கள் நாங்கள். ஆகவே நானும் சேர்ந்து கிள்ளினேன். சீக்கிரம் முத்தட்டும், சனியன் தொலையட்டும் என்று, அண்ணை வேலைக்குப் போயிருக்கும்போது நாற்காலியில் ஏறி நின்று உச்சிக் கொப்பெல்லாம் தேடித் தேடிக் கிள்ளினேன். அண்ணை வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேலை செய்திருக்கிறாய்" என்றார்.

மனைவியிடம், அண்ணையின் ஏதோ ஒரு செடி முத்தினால்தான் அறை காலியாகும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் அவளும் பொறுமை இழந்தாள்.

"உந்தச் செடி முத்துறதுக்கிடையிலை நான் கிழவியாயிடுவன். பிடுங்கி எறியுங்கோவன் அப்பா!"

"கொஞ்சம் பொறும்."

"நீங்கள் உண்மையிலை என்னைக் கூப்பிடுறியளோ, இல்லாட்டிச் சாட்டுச் சொல்லுறியளோ?"

போனை வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கோபத்தைச் செடியிடம் காட்டுவதா, அண்ணையிடம் காட்டுவதா என்று தெரியாமல் சாம்பிராணித் தட்டைத் தூக்கி எறிந்தேன். அண்ணை சாம்பலைக் கூட்டி அள்ளினார்.

மேரியிலிருந்து போன் வந்தது. அடுத்த கிழமை வீடு பார்க்க வருகிறார்கள்.

"அண்ணை, இண்டைக்கு வெட்டுங்கோ."

அண்ணை இலையை மடித்தார், கேட்டார். "இலை இன்னும் பச்சைத்தண்ணி. இப்ப வெட்டினால் அந்தாளுக்கு ஒண்டுக்கும் உதவாது. ஏசுவான். இன்னும் கொஞ்சம்..."

நான் மிச்சத்தைக் கேட்கவில்லை. அவருடைய தொலைபேசியில் ஷெஃப்பின் இலக்கத்தை எடுத்து, எப்படி இருக்கிறதோ அப்படியே வந்து கொண்டுபோகும்படி நானே பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அண்ணை குறுக்கே வரவில்லை. குசினிக்குள் போய்விட்டார்.

ஷெஃப் தன் விடுமுறை நாளில் வந்தார். பெரிய உடம்பு, படியேறி மூச்சு வாங்கியது. ஜன்னலடியில் போய்ச் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொப்புகளை விலக்கிப் பார்த்தார்.

"பூ எங்கே?" என்றார்.

"ஒன்று விடாமல் கிள்ளிவிட்டோம்" என்றேன், பெருமையாக. புகையிலைக் கதையையும் விளக்கினேன்.

அவர் அண்ணையின் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இலையை ஆட்டுக்குத்தான் போடலாம், பூதான் எல்லாமே என்றார். பூவில் வெள்ளையாக நிற்கும் மயிர் மண்ணிறமாகும், அதன் மேல் கண்ணாடி மணிபோல இருக்கும் பிசின் பால்நிறமாகும், அப்போதுதான் வெட்ட வேண்டும் என்று முதல் நாளே அண்ணைக்குப் படம் காட்டி விளக்கினாராம். பிசினைப் பார்ப்பதற்கென்று ஒரு பூதக்கண்ணாடிகூட வாங்கிக் கொடுத்தாராம்.

பூதக்கண்ணாடி எனக்குத் தெரியும். தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கம் வாசிக்க அண்ணை அதைத்தான் வைத்திருந்தார். செடிக்குக் கிட்டே அவர் அதைக் கொண்டுபோய் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

குசினிக்குள் போனேன். அண்ணை அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

"பூவுக்குத்தான் வளக்கிறது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் கிள்ளினனீங்கள்?"

தண்ணீரை வடித்தார். இன்னொரு தரம் ஊற்றினார்.

"முத்தினால் நான் வெளிக்கிட வேணுமெல்லோ, தம்பி."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு கோடை முழுக்க என்னை முட்டாளாக்கியிருக்கிறார். என் கையாலேயே கிள்ள வைத்து, நல்ல வேலை என்று முதுகிலும் தட்டியிருக்கிறார். வாயில் வந்ததெல்லாம் சொல்லவேண்டும் போலிருந்தது. "போக இடமில்லையெண்டு சொல்லியிருக்கலாமே" என்பதுதான் வந்தது.

"சொன்னால் நீ உன்ரை மனிசியைக் கூப்பிடாமல் விட்டிடுவாய். அதுக்குத்தான் சொல்லேல்லை" என்றார். பிறகு, "அவரும் சாப்பிட்டிட்டுப் போவாரோ எண்டு கேள்" என்றார்.

ஷெஃப் சாப்பிட்டார், இரண்டாம் தரம் மீன்குழம்பும் கேட்டு வாங்கினார். செடிகளை வெட்டிக் குப்பைப் பையில் அடைத்துக் கொண்டுபோனார். அண்ணையை அவர் வேலையால் நிறுத்தவில்லை. சொன்ன வாக்குப்படி அண்ணை அன்றே வெளிக்கிட்டார். நான் மறிக்கவில்லை. மறிக்க எனக்கு வழியிருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பாரிசுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில், நிறையப் பேர் அடைந்து கிடந்த ஓர் அறையில், முறை வைத்துப் படுக்க இடம் கிடைத்ததாக அடுத்த நாள் போன் பண்ணினார்.

மேரியிலிருந்து வந்த பெண் சுறுசுறுப்பானவர். சுவரை அளந்தார், ஹீட்டரைத் தொட்டார். முற்றத்து ஜன்னலடியில் சட்டிகள் இருந்த இரண்டு வட்டங்களைப் பார்த்து, பூச்செடி வளர்த்தீர்களா என்று கேட்டார். பூக்கவில்லை என்றேன்.

"உங்களைத் தவிர வேறு யாராவது இங்கே இருக்கிறார்களா?"

ஒருவரும் இல்லை என்பது, வீட்டுக்காரரிடமும் காப்புறுதிக்காரரிடமும் வருடக்கணக்காக நான் கூசாமல் சொல்லிவந்த பதில்தான். அன்றைக்குத்தான் அது முதல் தடவையாக உண்மை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தலை நிமிர்ந்து, கேள்வியை இன்னொரு தரம் கேட்டார்.