டாலர் இல்லாத ஊருக்கு நெய்த சாரம்

ஒரு நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தால் குடியாத்தத்தில் எத்தனை தறி நிற்கும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வேன்: எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஆறு.

நானும் என் கணவரும் ஓட்டும் விசைத்தறிகள் அவை. ஆறிலும் லுங்கிதான். வாங்குபவர் ஒரே ஒருவர், கொழும்பில் மொத்தக் கடை வைத்திருக்கும் தமிழர். முதல் முறை அவர் போனில் "ரெண்டாயிரம் சாரம் வேணும்" என்றபோது, வீடு கட்டக் கம்பு கேட்கிறார் என்று நினைத்து, சவுக்குக் கம்பு விற்கும் ஆளின் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அங்கே லுங்கிக்குத்தான் சாரம் என்று பெயராம். பாவம், அந்தக் கம்புக்காரரிடம் என்னென்ன கலர் இருக்கிறது என்று வேறு கேட்டிருக்கிறார்.

இலங்கை வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்திய நாட்களில், பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் நிற்பதை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டினேன். அந்த வரிசையின் வால் எங்கள் தறிக் கொட்டகை வரைக்கும் நீளும் என்று தோன்றவே இல்லை. அடுத்த மாதம் பணம் வரவில்லை. அனுப்பியிருந்த இரண்டு லோடுக்கும் வரவில்லை.

எனக்குக் கோபம் மூக்கின் மேல். போன் போட்டேன்.

"இன்னாங்க இது? சரக்கு இனிக்குது, காசு கசக்குதா?"

"காசு இருக்கு அக்கா. பேங்க்ல கட்டியும் வெச்சிருக்கேன். ஆனா அது எங்கட ரூபா. உங்களுக்கு அனுப்ப டொலர் வேணும். பேங்க்ல டொலர் இல்ல."

பச்சைப் பொய் என்றுதான் நினைத்தேன். பேங்கில் பணம் இல்லாமல் போகுமா? பேப்பரை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தபிறகுதான் விளங்கியது. டாலராக வாங்கிய கடனை டாலராகத்தான் திருப்ப வேண்டும். கடன் வாங்கி ரோடு போட்டால் அதில் வண்டி ஓடும், டாலர் ஓடி வராது. இருக்கிற கொஞ்சத்தில் மருந்துக்கும் எண்ணெய்க்கும் போக லுங்கிக்கு எங்கே மிஞ்சும்? நான் அனுப்பிய ஒவ்வொரு லுங்கியும் அந்த நாட்டின் டாலர் பையில் கைவைத்திருக்கிறது. அதற்குள் அவர் கட்டிவைத்த ரூபாயின் மதிப்பும் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தது.

விளங்கியதே தவிர ஆத்திரம் தீரவில்லை. வாரம் தவறாமல் போன் போட்டுத் திட்டினேன். கரண்ட் பில்லை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி அக்கா" என்பார்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த என் கணவர், ஒரு காலையில் கத்தரிக்கோலோடு கொட்டகையில் நின்றார். "பாவை அறுத்துடலாம். தறிய பழைய இரும்புக்குப் போட்டுடலாம். நீ ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போ, பஸ்ஸு தெருமுனைக்கே வருது. நான் எங்கனா பார்த்துக்கறேன்."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல். அதை முடியும்வரை ஓட்டிவிட்டால், மிஞ்சும் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்து, தறியை வேறு சரக்குக்கு மாற்றிவிடலாம். பாதியில் அறுத்து உருவிவிட்டால் நூலும் வீண், தறியும் மொட்டை. ஷூ கம்பெனி வேலை ஒன்றும் கேவலமில்லை, என் தங்கை அங்கேதான் போகிறாள். ஆனாலும் அந்தத் தறிகளை எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

"ஓட்டி முடிப்போம். விக்கறது என் வேலை" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆம்பூர் பஜாரில் ஒரு பாய் கடைக்கு மூட்டையோடு போனேன்.

"இன்னாம்மா, கட்டம் இவ்ளோ பெருசா இருக்குது? நம்ம ஆளுங்க கட்ட மாட்டாங்க."

"நீங்க ஒண்ணு கட்டுங்க பாய். வீட்டுல நல்லா இல்லன்னு சொன்னா நானே திரும்ப எடுத்துக்கறேன்."

முப்பது எடுத்தார். விலை கம்மிதான். பத்து நாளில் ஜாஸ்தியாக வேண்டும் என்று அவரே கூப்பிட்டார். பாவு முடிந்த தறிகளில் உள்ளூர் ரகத்தைப் பிணைத்தோம். ஆறில் மூன்று ஓடின. மூன்று சும்மா நின்றாலும் எடைக்குப் போகவில்லை.

ஒரு நாள் பேப்பரில் 'கடன் மறுசீரமைப்பு' என்று போட்டிருந்தது. கடன் கொடுத்தவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தவணையை நீட்டி, பழைய கடனைப் புதுக் கடனாக மாற்றுகிறார்களாம்.

"அட, பாவு பிணைக்கிறாங்க!" என்றேன்.

"மகாராணி நாட்டுக்கே தறி ஓட்டறாங்க" என்று கணவர் கேலி செய்தார். செய்யட்டும். அங்கே வரியும் விலைவாசியும் ஏறி ஜனங்கள் பட்ட பாட்டைக் கொழும்புக்காரர் சொல்லிக் கேட்டவள் நான். பிணைப்பது சுலபமான வேலை இல்லை.

பிறகு பணம் தவணை தவணையாக வரத் தொடங்கியது. அதே டாலரை வாங்க அவர் முன்பு கட்டியதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ரூபாய் போட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாதம் கடைசித் தவணையும் வந்த அன்று, வெட்கத்தை விட்டு நானே கூப்பிட்டேன்.

"அப்ப நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. என் வாய் அப்படி."

"ஐயோ அக்கா, அந்த நேரம் வெளிநாட்டு யாவாரிகள் ஒருத்தரும் என்னோட கதைக்கல்ல. நான் கோல் பண்ணினா கட் பண்ணுவாங்க. நீங்க மட்டுந்தான் கிழமைக்கு ஒருக்கா ஏசுறதுக்காவது பேசினீங்க. ஏசுறாங்கன்னா நம்மள இன்னும் கைவிடல்லன்னு நெனச்சுக்குவேன்."

ஆர்டர் நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் புரட்டினேன்.

"எத்தனை சாரம் வேணும், சொல்லுங்க" என்றேன்.