மேல்வீட்டு மாவும் என் ஐந்து வீரர்களும்

மந்திரவாதி, வாள்வீரன், வில்லாளி, இரண்டு பூதங்கள். இந்த விரலளவுப் பொம்மைகளை மேசையில் நகர்த்தி, டைஸ் உருட்டிச் சண்டை பிடிக்கும் விளையாட்டை நாற்பது வயதில்தான் பழகத் தொடங்கினேன். ஞாயிறன்று தெஹிவளையில் என் முதல் ஆட்டம். அதற்காக, தூறலும் கடற்காற்றுமாக இருந்த ஒரு காலையில், வெள்ளவத்தை ஃபிளாட்டின் பல்கனியில் வைத்துப் பொம்மைகளுக்குக் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். மதியம் பார்த்தால், ஐந்தின் மேலும் மா தூவியதுபோல் வெள்ளை.

மேல்வீட்டு அன்ரி பல்கனியில் இருந்துதான் இடியப்ப மாவை அரிதட்டில் சலிப்பார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாள்வீரனைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

"கீழ ஆக்கள் இருக்கினம் எண்ட அறிவில்லையோ உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் அரிதட்டை வைத்துவிட்டு, வாள்வீரனை வாங்கிப் பெருவிரலால் தேய்த்தார். விரலைக் காட்டினார். ஒன்றுமே ஒட்டவில்லை.

"மா எண்டால் விரலில ஒட்டும், தம்பி. ஈரக் காத்துக்குள்ள பெயின்ட் அடிச்சனீங்களோ? எங்கட இரும்பு கேட்டும் மழைக்குள்ள பெயின்ட் அடிச்சு இப்பிடித்தான் வெளுத்தது."

கீழே வந்து டின்னைப் பார்த்தேன். ஈரக் காற்றில் அடிக்க வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. டின்னைச் சுவரில் எறிந்தேன். அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மேல் பல்கனியில் அரிதட்டுச் சத்தம் இல்லை. அன்ரி இப்போது குசினிக்குள், அடுப்பு வெக்கையில் இருந்து அரிக்கிறாராம், வாட்ச்மன் சொன்னார். பொம்மைகளைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்துவிட்டேன். அந்தப் படியேறத்தான் இன்னும் கால் எழவில்லை.