நானாகப் போக வேண்டும் என்றார்கள்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஏலகிரியில் லாட்ஜ் ரூம் கூட்டினேன், ஓசூரில் டைல்ஸ் பதித்தேன், லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன். யாராவது குரலை உயர்த்தினால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சேர்ந்தபோது மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். என்னோடு ஊர் ஊராக இழுபட்டுப் பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்த பெண்.

“பப்ளிக் பரீட்சை முடியற வரைக்கும் கால கட்டி வைய்யி. அப்புறம் எங்க வேணா போ” என்றாள் மனைவி.

சரி என்றேன். இந்த ஊரில் ஒரு டேனரியில் கெட்ட பேர் வாங்கினால் அடுத்த டேனரியில் கேட்டைத் திறக்க மாட்டார்கள். வேலை போனால் ஊரும் போகும், பெண்ணின் பரீட்சையும் போகும். அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எனக்கு டாகிள் பகுதியில் வேலை. சாயம் ஏறிய ஈரத் தோலை ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தில் விரித்து, ஓரமெல்லாம் இழுத்து இழுத்துக் கிளிப்பு மாட்ட வேண்டும். பிறகு சட்டத்தோடு சூட்டு அறைக்குள் தள்ளுவார்கள். ஒரு தோலுக்கு இரண்டு ஆள். நான் இந்தப் பக்கம் இழுத்தால் எதிரே நிற்பவன் அந்தப் பக்கம் அதே அளவு இழுக்க வேண்டும். ஒருவன் வேகம் காட்டினால் வயிற்றுப் பக்கம் கிழிந்துவிடும். என் எதிரே நின்றவர் என் வயதுக்காரர், பக்கத்துத் தெரு பாய். பேச்சே இல்லாமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்து இழுப்போம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய் வரும்போது எனக்கும் சேர்த்துச் சமோசா வாங்கி வருவார்.

வெளிநாட்டில் தோல் வாங்கும் கம்பெனியிலிருந்து, வேலையாட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க ஆடிட் வந்தது. அன்று காலையில்தான் எங்களுக்குப் புதுக் கையுறை கொடுத்தார்கள். கேட்டால் எப்போதும் கொடுக்கிறார்கள் என்று சொல்லவேண்டும் என்று சூப்பர்வைசர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். என்னையும் இன்னும் சிலரையும் தனித்தனியாக ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். வந்திருந்த பெண் நன்றாகத் தமிழ் பேசினாள். உங்கள் பேரை எழுத மாட்டோம், பயப்படாமல் சொல்லுங்கள் என்றாள். கையுறை இன்று காலையில்தான் வந்தது என்றேன். கையைக் காட்டச் சொன்னாள், நீட்டினேன். முகம் வராது என்று சொல்லிவிட்டுக் கையை மட்டும் படம் எடுத்துக்கொண்டாள்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேனேஜர் எங்கள் பக்கம் வந்தபோது என்னிடம் நின்று, “சாப்டியாப்பா? பொண்ணு எத்தனாவது படிக்குது?” என்று கேட்டார். சேர்ந்ததிலிருந்து என்னைத் திரும்பியும் பார்க்காத மனிதர். எனக்குப் பெண் இருப்பதை இவருக்கு யார் சொன்னது?

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நேரத்துக்கு வந்தாலும் லேட் என்று மெமோ. கழிப்பறையில் ஜாஸ்தி நேரம் இருந்தேன் என்று இன்னொரு மெமோ. ஒரு நாள் எங்கள் சட்டத்தில் ஒரு தோல் கிழிந்தது. தோல் கிழிவது டாகிளில் புதிதில்லை. ஆனால் மெமோ எனக்கு மட்டும் வந்தது. எதிரே நின்று இழுத்த பாய்க்கு வரவில்லை.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. அறைக்குள் என்ன சொன்னேன் என்று நான் வாய்விட்டுச் சொன்னது பாயிடம் மட்டும்தான். அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த சமோசாவை நான் தொடவில்லை.

“இன்னா தோஸ்த், வயிறு சரியில்லியா?” என்றார்.

“ஒண்ணுமில்ல” என்றேன். அவர் சூப்பர்வைசரோடு டீ குடித்தால் பார்ப்பேன். சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று யோசிப்பேன். கிளிப்பு மாட்டும்போது அவர் கையைப் பார்த்து இழுப்பதை விட்டுவிட்டு, எப்போது வேண்டுமென்றே சுண்டி இழுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோல் கிழிந்ததற்கு விசாரணை என்று மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மேனேஜரும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி என்று பாயும் ஓரமாக நின்றிருந்தார்.

“இவன் முரட்டுத்தனமா இழுத்தானா?” என்று சூப்பர்வைசர் அவரிடம் கேட்டார்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. “கிழிஞ்சது நெஜம் சார். யார் ஜாஸ்தி இழுத்ததுன்னு எனக்குத் தெரியல.”

“நீ தானேய்யா எதிர்ல நின்னே?”

“நின்னேன் சார். தெரியல.”

அதை எனக்குச் சாதகம் என்று எடுத்துக்கொள்வதா, கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் பேச்சா என்று எனக்குப் புரியவில்லை. அவரை வெளியே அனுப்பிவிட்டு மேனேஜர் மெதுவான குரலில் பேசினார்.

“நீ எங்கயும் தங்காத ஆளுன்னு கேள்விப்பட்டேன். எதுக்கு இந்தப் பேஜார்? நீயா எழுதிக் குடுத்துட்டுப் போய்டு. நல்ல ஆளுன்னு சர்டிபிகேட் தர்றேன்.”

எனக்குக் கால் துடித்தது, உண்மை. முந்தைய ஊர்களில் என்றால் அதற்குள் பஸ் ஏறியிருப்பேன். இங்கே அவர்களுக்கு வேண்டியதே அதுதான். அவர்களாகத் தூக்கினால் ஆடிட்காரர்கள் கேட்பார்கள். நானாகப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். இவர் அடுத்த டேனரிக்கு ஒரு போன் போட்டால் அந்தச் சர்டிபிகேட்டும் வெறும் காகிதம்தான்.

“நானா போகல சார். நீங்க அனுப்பறதுன்னா அனுப்புங்க” என்றேன்.

“அனுப்ப மாட்டேன். நாளையிலேருந்து சுண்ணாம்புப் பக்கம் போ” என்றார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் பாய் நின்றிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. “நீதான் சொன்னியா?” என்று கேட்டேவிட்டேன்.

“இன்னா சொன்னேன்?”

“உள்ள நான் பேசனத.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தேய்த்து நீட்டினார். அதில் என் இரண்டு கைகள். சாயம் ஏறிய நகம், கிளிப்பு கடித்துத் தட்டையான இடது கட்டைவிரல்.

“ஆடிட் ரிப்போர்ட்ல வந்த படம். சூப்பர்வைசர் எல்லாருக்கும் அனுப்பி இது யார் கைன்னு கேட்டான். தெரியாதுன்னுட்டோம். அவனே இன்னா குருடனா? தெனமும் இந்தக் கையதானே பாக்கறான்.”

முகம் வராது என்று அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. கையை மட்டுமே பார்த்து வேலை நடக்கிற இடத்தில் முகம் எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. நீட்டிய எனக்கும் தோன்றவில்லை.

“இத்தன நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா நீ மூட்ட கட்டிடுவே. ஒன் பொண்ணு பரீட்சை இருக்குன்னு நீதானே சொன்னே?”

நல்ல பதில்தான். அவருக்கும் பயம் இருந்திருக்கும், அதை இந்தப் பதிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்றும் பட்டது. இன்றுவரை எது உண்மை என்று நான் கேட்கவில்லை.

சுண்ணாம்புப் பக்கம் என்பது முடி உதிர்வதற்குத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடும் இடம். நாற்றம் சோற்றில் ஏறும். பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் கால் வெந்துபோகும். நான் குளித்துவிட்டு வந்தாலும் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவோரம் போய் உட்காருவாள். மனைவி காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். அப்படியே நாள் போனது.

பரீட்சை நெருங்கியபோது மேனேஜர் ஒரு நாள் சுண்ணாம்புப் பக்கமே வந்தார். மூக்கில் கர்சீப்.

“போதும்பா. திங்கட்கெழமை டாகிளுக்கே போய்டு. பழைய எடந்தான்.”

எதற்கு என்று யோசித்தேன். மறுபடி ஆடிட் வருகிறதா? சட்டத்தில் இன்னொரு தோலைக் கிழித்து, இந்த முறை வெளியே அனுப்பத் திட்டமா? ஒருவேளை மனசே இரங்கியதா? மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். டாகிளில் என்மேல் குற்றம் சாட்டத் தோல் இருக்கிறது, எதிரே ஒரு ஆள் இருக்கிறார். இங்கே தொட்டியும் நாற்றமும்தான். இதற்குக் கீழே என்னைத் தள்ள அந்த டேனரியில் வேறு இடமில்லை.

“நான் இங்கயே இருக்கேன் சார்.”

“இன்னாய்யா, நல்லது செஞ்சாக்கூட சந்தேகமா?”

“ஆமா சார்” என்றேன்.

அவர் கர்சீப்பை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம்தான் மகளுக்கு ஹால் டிக்கெட் வந்தது. அதில் ஆம்பூர் பள்ளிக்கூடத்தின் பேர்தான் இருந்தது.