மரியாதைக்குக் கழற்றிய மாஸ்க்

போன வாரம் எங்கள் வீட்டு கேட்டில் ஒரு நல்ல மனிதரைப் பார்த்துக் கத்திவிட்டேன். அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்.

“மாஸ்க்கைப் போடுங்க முதல்ல!”

அவர் கையில் கரட், லீக்ஸ், முட்டைக்கோவா நிறைந்த ஒரு பை. முகத்தில் வாய் கொள்ளாத சிரிப்பு. சிரித்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? அதுதானே பிரச்சினையே!

அவர் பெயர் செல்வராஜ். மரக்கறி லொறி ஓட்டுகிறார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் என் கணவரிடம் படித்தவர். பயணத்தடை வந்த நாளிலிருந்து, லொறியோடு கட்டுகஸ்தோட்டையைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் வாசலில் நிறுத்தி ஒரு பை மரக்கறி தந்துவிட்டுப் போவார்.

லொறியை விட்டு இறங்கும்போது மாஸ்க் ஒழுங்காகத்தான் இருக்கும். மூக்கையும் மூடியிருப்பார். கேட்டில் நான் வைத்திருக்கும் வாளித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கையும் கழுவுவார். ஆனால் விறாந்தைக் கதிரையில் என் கணவரைக் கண்டதும்... கை தானாகக் காதுக்குப் போகும். மாஸ்க் கழன்று, மடிந்து, சட்டைப் பைக்குள் போய்விடும். அதன் பிறகுதான் “வணக்கம் சேர்!”

ஊரெல்லாம் போட்டுக்கொண்டு சுற்றிய மாஸ்க்கை, கட்டாயம் போட வேண்டிய இடத்தில் கழற்றினால் எப்படி?

கட்டாயம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் கணவருக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அது அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்துவிட்டது. இப்போது அவருக்குள் வேலை செய்வது என்னுடையதில் ஒன்று. அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மருந்து எடுக்கிறார். அந்த மருந்தோ, நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும். சாதாரணத் தடிமன், சளிகூட வரக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நாட்டுக்கு வந்ததோ கொரோனா!

ஆகவே கேட்டில் காவல் நிற்பது வெறும் மனைவி இல்லை — பங்குதாரர். என் பொருளைப் பாதுகாக்க எனக்கு உரிமை இல்லையா? வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அவர் ஒரு தடவை இருமினாலும் எனக்குக் கைகால் ஓடுவதில்லை. பயம்தான். அதை ஒளிக்க என்ன இருக்கிறது?

நான் கத்தியதும் செல்வராஜின் முகம் சுருங்கிவிட்டது. “மன்னிச்சுக்குங்க டீச்சர்” என்று பையைப் படியில் வைத்தார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இந்தப் பக்கம் திரும்பினால், விறாந்தையில் இன்னொரு முகம் சிவந்திருந்தது.

“என் புள்ளைய வாசல்ல வச்சு வெரட்டிட்டியே!”

“வெரட்டலைங்க. மாஸ்க் போடத்தானே சொன்னேன்?”

“மூஞ்சிய மூடிக்கிட்டு வாத்தியார் முன்னால எப்படி நிப்பான் அவன்?”

இவரும் இலேசுப்பட்டவர் இல்லை. படித்த பிள்ளைகள் யாராவது வந்தால் இவரும் மாஸ்க் போடமாட்டார். “என் மூஞ்சியப் பாக்கத்தானே அவ்வளவு தூரத்துலருந்து வர்றாங்க” என்பார். அன்று மத்தியானம் செல்வராஜ் கொண்டுவந்த கோவாவில் வறை செய்து வைத்தேன். இவர் தொட்டும் பார்க்கவில்லை.

கோபத்தோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், அவர் கேட்ட கேள்வி எனக்குள் இறங்கியது. மடுல்கெல்லக் குளிரில் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளைகள் பாடசாலைக்கு வருவார்கள். நானும் அங்கே படிப்பித்தவள்தானே? வகுப்பு வாசலில் செருப்பு வெளியே நிற்கும். தொப்பி கைக்கு வந்துவிடும். அவர்களுடைய அப்பாமார் தோட்டத்துத் துரையைக் கண்டால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பெரியவர் முன்னால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பில் ஊறிப்போன பழக்கம் அது.

அந்தப் பழக்கத்துக்குக் கொரோனாவைத் தெரியுமா?

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் இதுவேதான் கண்ணில் படுகிறது. கிளினிக்கில் வரிசையில் இருக்கும்வரை மாஸ்க்கோடு இருந்தவர், டொக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கழற்றுகிறார். கோயிலில் ஐயரிடம் நட்சத்திரம் சொல்ல மாஸ்க் நாடிக்கு இறங்குகிறது. கண்டியில் நான் வழக்கமாகப் போகும் துணிக்கடைக்காரர் அலவத்துகொட முஸ்லிம்; நானா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னைக் கண்டதும் மாஸ்க்கை இழுத்துவிட்டுச் சிரித்தார். ஏன் நானா என்று கேட்டால், “சிரிக்கிறது தெரியாட்டி ஆரு டீச்சர் கடைக்குள்ள வருவாங்க?” என்கிறார்.

பொலிஸுக்குப் பயந்து போடுகிறோம். முன்பின் தெரியாதவருக்காகப் போடுகிறோம். மதிப்பவர் முன்னால், நேசிப்பவர் முன்னால் கழற்றிவிடுகிறோம். நம் ஆட்களுக்குச் சட்டத்தை மதிக்கத் தெரியாது என்று தொலைக்காட்சியில் திட்டுகிறார்கள். மதிக்கத் தெரியாமலா? மனிதரை மதிக்கப் போய்த்தானே இந்த வினை!

ஆனால் என் கணவருடைய உடம்புக்கு இந்த விளக்கமெல்லாம் புரியாது. ஆகவே செல்வராஜுக்குப் போன் எடுத்தேன். மருந்தைப் பற்றி விவரமாகச் சொன்னேன்.

“ஆப்பரேசன்தான் முடிஞ்சிருச்சே, சேர் நல்லாகிட்டாருன்னுல்ல நெனச்சேன்...” குரல் கம்மியது. “அப்படின்னா இனிமே நான் வரலீங்க டீச்சர். என்னால அவருக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது.”

லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் கேட்டை எட்டி எட்டிப் பார்ப்பதை நான் எப்படிச் சொல்வது?

“நீங்க வராம இருந்தா அவருக்கு அது வேற வருத்தம். வாங்க. மூடிக்கிட்டு வாங்க!”

இவரிடமும் சொன்னேன், பிள்ளையே போட்டுக்கொண்டு வரப்போகிறான், வாத்தியார் போடாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று. மாஸ்க்கைக் கதிரைக் கையில் வைத்துவிட்டு, கேட்டில் “தயவுசெய்து மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம்” என்று ஓர் அறிவித்தல் ஒட்டினேன்.

நேற்று முன்தினம் லொறி வந்து நின்றது. இலேசான தூறல். செல்வராஜ் கை கழுவினார். கேட்டைத் திறந்தார். சேரைக் கண்டார். கை காதுக்குப் போயிற்று... நான் வாயைத் திறந்தேன். கை அங்கேயே நின்றது.

என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் தவித்தார். பிறகு குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கேட்டோரம் வைத்தார். ஈரத் தரையில் வெறுங்காலோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்னங்க இது? ஈரத்துல நிக்கிறீங்களே, செருப்பப் போடுங்க!” என்றேன்.

“ஒண்ணையாவது கழட்டணுமே டீச்சர்...”

அன்றைக்கு நான் கத்தியதற்கு வருந்தவில்லை. ஆனால் இதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத்தான் விறாந்தைப் பக்கம் திரும்பினேன்.

இவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க்! மூக்கையும் மூடி, அழகாக. “எப்படிடா இருக்க?” என்று மாஸ்க்குக்கு உள்ளிருந்து கேட்டார். நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தால்... இவருடைய செருப்பு கதிரைக்கு அடியில் கிடக்கிறது. மாணவன் வெறுங்காலோடு நிற்கும்போது வாத்தியார் மட்டும் செருப்போடு நிற்பாரா?

சீனி வருத்தக்காரர் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பதும் அதே டொக்டர் சொன்னதுதான்.

நேற்று கேட்டில் இன்னோர் அறிவித்தல் ஒட்டினேன்: “தயவுசெய்து செருப்பையும் கழற்ற வேண்டாம்... உங்களைப் பார்த்து, சேரும் கழற்றுகிறார்!”